உதடு மரத்திருக்கிறது, முகம் செயலிழக்கவில்லை

வாசகர் கேள்வி: எனக்கு வயது 36. பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருக்கிறேன். ஏழு வாரங்களுக்கு முன் வலப்பக்கக் கீழ்த்தாடையில் ஈறுக்குள் படுத்தவாறு இருந்த ஞானப்பல்லை, எலும்பைச் செதுக்கி எடுத்தார்கள். ஊசியால் வந்த மரப்பு மாலைக்குள் போய்விடும் என்றார்கள். ஆனால் கீழுதட்டின் வலப்பாதியும் மோவாயின் வலப்பக்கமும் இன்றுவரை மரத்தே இருக்கின்றன. காபி உதட்டோரம் வழிவது எனக்குத் தெரிவதில்லை. பருக்கை ஒட்டியிருந்தால் பிள்ளைகள் சொல்லித்தான் துடைக்கிறேன். வாயும் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறப்பதில்லை. நாக்கிலும் சுவையிலும் குறையில்லை. என் மாமியார், தம் தம்பிக்கு வந்ததைப் போல இது முகவாதத்தின் தொடக்கம் என்றும், வாய் ஒருபக்கம் இழுத்துக்கொள்ளும் முன் சூடான எண்ணெய் ஒத்தடம் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறார். தெரிந்தவர் ஒருவர் கன்னத்துக்கு மின்தூண்டல் சிகிச்சை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். மெல்லும் சக்தியும் போய்விடுமா? உணர்ச்சி திரும்புமா? இடப்பக்கத்திலும் இதேபோல் ஒரு பல் இருக்கிறது. அதையும் எடுத்துவிட வேண்டுமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்கு வந்திருப்பது முகவாதம் அன்று. முகவாதத்தின் தொடக்கமும் அன்று. பல் எடுத்த குழிக்கு அடியில் எலும்புக்குள் ஓடும் ஓர் உணர்ச்சி நரம்பு நசுங்கியோ சிராய்ந்தோ இருக்கிறது. உதட்டுக்கும் மோவாய்க்கும் தொடு உணர்ச்சியைத் தருவது அந்த நரம்பு. உதட்டை அசைக்கும் வேலை அதற்குக் கிடையாது. நேரில் பார்க்காமல் எழுதும் பதிலுக்கு எல்லை உண்டு என்றாலும், நீங்கள் எழுதியிருக்கும் செய்திகள், அவற்றுள்ளும் நாக்கில் குறையில்லை என்ற ஒரு வரி, இந்த அளவுக்கு உறுதியாகச் சொல்ல எனக்கு இடம் தருகின்றன. எப்படி என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஏனெனில் உங்கள் வீட்டு அச்சத்தில் பெரும்பகுதி, இரண்டு தனித்தனி நரம்புகளை ஒன்றாக எண்ணிக்கொண்டதால் வந்தது.

அப்படி எண்ணியதற்காக உங்கள் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். இருநூறு ஆண்டுகளுக்கு முன்வரை மருத்துவர்களும் அப்படித்தான் குழம்பியிருந்தார்கள். முகத்தில் மின்னல் வெட்டுவது போன்ற கடும் வலியால் துடித்தவர்களுக்கு, வலியை நிறுத்துவதாக எண்ணி, காதுக்குக் கீழே வெளிவரும் நரம்பை வெட்டிய அறுவை மருத்துவர்கள் அக்காலத்தில் இருந்தார்கள். வலி அப்படியே இருந்தது, முகம் மட்டும் செயலிழந்தது. எடின்பரோவில் பிறந்து லண்டனில் பணியாற்றிய சார்லஸ் பெல் என்பவர் 1821-இல் ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரையில், முகத்துக்கு வரும் இரண்டு மூளை நரம்புகள், உணர்ச்சி தரும் ஐந்தாம் நரம்பும் முகத்தசைகளை அசைக்கும் ஏழாம் நரம்பும், ஒரே வேலையைச் செய்வதில்லை என்று காட்டினார். முகவாதம் இன்றைக்கும் 'பெல்ஸ் பால்ஸி' என்று அவர் பெயரால் வழங்குகிறது. ஆனால் அவரும் ஓரிடத்தில் சறுக்கினார். ஒரு கழுதையின் மேலுதட்டுக்குச் செல்லும் ஐந்தாம் நரம்புக் கிளையை அவர் வெட்டியபோது, அது தீனியை உதட்டால் பற்றி எடுக்காமல் நின்றது. உதட்டை அசைக்கும் ஆற்றலும் போய்விட்டது என்று பெல் முடிவு கட்டினார். அடுத்த ஆண்டே ஹெர்பர்ட் மேயோ என்னும் இன்னொரு ஆங்கிலேய மருத்துவர் அதைத் திருத்தினார். கழுதையின் உதடு நன்றாகவே அசையும். தீனி உதட்டில் படுவது அதற்குத் தெரியவில்லை, அதனால்தான் எடுக்கவில்லை என்றார்.

உங்கள் உதட்டோரம் காபி வழிவதன் காரணமும் அதுவே. உதடு மூடத் தவறவில்லை. எந்த அளவுக்கு மூட வேண்டும், எந்தப் பக்கம் ஈரம் கசிகிறது என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேரவில்லை. கழுதையோடு சேர்த்துச் சொன்னதற்குப் பொறுத்தருள வேண்டும். இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இதை நீங்களே இன்று கண்ணாடி முன் நின்று சரிபார்க்கலாம். பற்கள் தெரியச் சிரியுங்கள். உதட்டைக் குவித்து ஊதுங்கள். கன்னங்களைக் காற்றால் உப்பிக்கொண்டு விரலால் தட்டிப் பாருங்கள். புருவத்தை உயர்த்தி நெற்றியைச் சுருக்குங்கள். கண்களை இறுக மூடுங்கள். இரு பக்கமும் ஒன்றுபோல் இயங்கினால் உங்கள் ஏழாம் நரம்பு நலமாக இருக்கிறது. நீங்கள் தமிழாசிரியை என்பதால் இன்னொரு சோதனையும் உண்டு: இதழ்கள் பொருந்தப் பிறக்கும் பகரமும் மகரமும் தெளிவாக ஒலிக்கின்றனவா என்று உடன் பணியாற்றும் ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். உங்களுக்கு அவை குழறுவதாகத் தோன்றலாம், கேட்பவருக்குத் தோன்றாது. மரத்த உதடு தடித்துத் தொங்குவதாக உணர்வதும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். கண்ணாடியில் அது இயல்பாகவே இருக்கும்.

இனி, அந்த இரண்டு நரம்புகள். மூளையிலிருந்து நேரே புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளில் ஐந்தாவது, டிரைஜெமினல் என்று நாங்கள் எழுதும் முக்கிளை நரம்பு. அதன் மேல்கிளை கண்ணுக்கும் நெற்றிக்கும், நடுக்கிளை கன்னத்துக்கும் மேல்தாடைக்கும், கீழ்க்கிளை கீழ்த்தாடைக்கும் போகின்றன. முதல் இரண்டு கிளைகளும் உணர்ச்சியை மட்டும் சுமப்பவை. கீழ்க்கிளையில் மட்டும் தசைகளை இயக்கும் இழைகளும் சேர்ந்து வருகின்றன. அவை இயக்குவது மெல்லும் தசைகளை. ஏழாவதாகிய முகநரம்பு வேறு வழியில் வருகிறது. காது மடலுக்குக் கீழே மண்டையோட்டிலுள்ள ஒரு சிறு துளையின் வழியாக வெளிவந்து, பொன்னுக்குவீங்கி வரும்போது வீங்குகிறதே, அந்தப் பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் நுழைந்து, அங்கே விரிந்து, நெற்றி முதல் கழுத்து வரை ஐந்து வகைக் கிளைகளாகப் பரவுகிறது. சிரிப்பு, அழுகை, கண்ணிமைப்பு, உதடு குவிப்பு ஆகிய எல்லாம் அதன் பொறுப்பு. சுருக்கமாகச் சொன்னால், உங்கள் கீழுதட்டுத் தோல் ஐந்தாம் நரம்புக்கும், அதே உதட்டுக்குள் இருக்கும் தசை ஏழாம் நரம்புக்கும் உரியவை.

ஓர் அங்குல உதட்டுக்கு இரண்டு நரம்புகள் எதற்கு என்று உங்கள் மாணவர்கள் கேட்டால், விடை கருவில் இருக்கிறது. நான்காவது வாரமளவில் கருவின் தொண்டைப் பகுதியில் அடுக்கடுக்காக வளைவுகள் தோன்றுகின்றன. முதல் வளைவிலிருந்து தாடைகளும் மெல்லும் தசைகளும் உருவாகின்றன. அந்த வளைவின் நரம்பு ஐந்தாவது. இரண்டாம் வளைவில் பிறந்த தசைகள் பின்னர் முகமெங்கும் தோலுக்கடியில் பரவிக் குடியேறுகின்றன; குடியேறும்போது தம் சொந்த நரம்பாகிய ஏழாவதைக் கையோடு இழுத்துக்கொண்டு வருகின்றன. தாடைக்கு அடியில் இருவயிற்றுத் தசை என்று ஒன்று உண்டு. அதன் முன்வயிறு முதல் வளைவில் பிறந்தது, பின்வயிறு இரண்டாம் வளைவில் பிறந்தது. ஆகவே ஒரே தசையின் இரண்டு பாதிகளுக்கு இரண்டு நரம்புகள். கன்னத்துக்குள் உணவு ஒதுங்காமல் பற்களுக்கிடையே தள்ளித் தரும் பக்சினேட்டர் தசையும் மருத்துவ மாணவர்களைத் தேர்வில் விழவைக்கும் ஒன்று. மெல்லுவதற்கு உதவுவதால் ஐந்தாம் நரம்பு என்று எழுதிவிடுவார்கள். ஐந்தாம் நரம்பின் ஒரு கிளை அதைத் துளைத்துக்கொண்டு போவது உண்மைதான். ஆனால் அது கன்னத்தின் உட்சவ்வுக்கும் தோலுக்கும் உணர்ச்சி தரப் போகிறது. தசையை இயக்குவது ஏழாம் நரம்பே. முகவாதம் வந்தவர்களுக்குச் சோறு கன்னத்தில் ஒதுங்கித் தேங்குவது இதனால்தான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மெல்லும் சக்தி போகாது. அதற்கு நரம்பின் போக்கே சான்று. முக்கிளை நரம்பின் கீழ்க்கிளை, மண்டையோட்டின் அடித்தளத்தில் முட்டை வடிவிலான ஒரு துளையின் வழியாக வெளியே வருகிறது. வந்த சிறிது தூரத்துக்குள்ளேயே மெல்லும் தசைகள் நான்குக்கும் உரிய கிளைகளைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. இது நடப்பது கன்ன எலும்பு வளைவுக்கு உட்புறம், ஆழத்தில், உங்கள் ஞானப்பல் இருந்த இடத்துக்கு வெகு மேலே. அதற்குப் பிறகுதான் நாக்கு நரம்பும் கீழ்ப்பல் நரம்பும் அருகருகே கீழே இறங்குகின்றன. கீழ்ப்பல் நரம்பு தாடை எலும்பின் உட்பக்கத் துளைக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால், தன்னிடம் எஞ்சியிருந்த இயக்க இழைகளையும் வாயின் அடித்தளத் தசைக்கும் இருவயிற்றுத் தசையின் முன்வயிற்றுக்கும் ஒரு சிறு கிளையாக அனுப்பிவிடுகிறது. எலும்புக்குள் நுழைவது உணர்ச்சி இழைகள் மட்டுமே. அவை கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கு அடியில் ஒரு குழாய்க்குள் ஓடி, முன்கடைவாய்ப் பற்களின் அடியிலுள்ள துளை வழியாக வெளிவந்து, கீழுதட்டிலும் மோவாயிலும் அந்தப் பகுதி ஈறிலும் விசிறிபோல் விரிகின்றன. ஞானப்பல்லின் வேர் அந்தக் குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தால் பல்லைப் பெயர்க்கும்போது நரம்பு அடிபடும். கடைமடையில் உடைப்பு எடுத்தால் தலைமடை வயல் காயாது. உங்கள் காயம் கடைமடையில் இருக்கிறது.

நாக்கைப் பற்றிய உங்கள் வரியை நான் பெரிதாக எடுத்துக்கொண்டது இதனால்தான். நாக்கு நரம்பு ஞானப்பல்லின் உட்பக்கச் சுவரை ஒட்டி, ஈறுக்கு மிக அருகில் செல்கிறது. நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்குக்குத் தொடு உணர்ச்சி தருவது அதுதான். சுவையைச் சுமக்கும் இழைகள் முகநரம்பிலிருந்து வந்து அதனோடு சேர்ந்துகொள்கின்றன. உதடும் நாக்கும் சேர்ந்து மரத்திருந்தால், இரண்டு நரம்புகளும் ஒன்றாகச் செல்லும் மேற்பகுதியில், ஊசி போட்ட இடத்தில், ஏதோ நேர்ந்திருக்கலாம் என்று ஐயுற வேண்டியிருக்கும். உதடு மட்டும் மரத்திருப்பதால் காயம் எலும்புக் குழாய்க்குள் என்று துணியலாம். அதில் ஒரு நன்மையும் உண்டு. குழாய்க்குள் அடிபட்ட நரம்பு வளரும்போது வழி தவறுவதற்கு வாய்ப்புக் குறைவு, எலும்பே அதற்குக் கரை கட்டித் தருகிறது. மென்தசையில் கிடக்கும் நாக்கு நரம்புக்கு அந்த வசதி இல்லை.

மெல்லும் தசைகளின் நலத்தையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பற்களை இறுகக் கடித்துக்கொண்டு, காதுக்கு முன்னால் தாடைக் கோணத்துக்குச் சற்று மேலே விரல்களை வையுங்கள். கட்டியாகத் திரள்வது மாசெட்டர். நெற்றிப் பொட்டில் வைத்தால் அசைவது டெம்போராலிஸ். விசிறி போல் மண்டையின் பக்கத்தை மூடியிருக்கும் இந்தத் தசையால்தான் முறுக்கைக் கடிக்கும்போது பொட்டு துடிக்கிறது. இவற்றுக்கு இணையாகத் தாடையின் உட்புறம் இருப்பது உள் டெரிகாய்டு. இந்த மூன்றும் வாயை மூடுபவை. நான்காவதாகிய வெளி டெரிகாய்டு, தாடையின் மூட்டு முனையை முன்னுக்கு இழுத்து வாயைத் திறக்க உதவுகிறது. ஒருபக்க இயக்க நரம்பு உண்மையிலேயே பழுதாகியிருந்தால், வாயைத் திறக்கும்போது நல்ல பக்கத்து வெளி டெரிகாய்டு தனியே தள்ளுவதால் தாடை பழுதான பக்கம் சாய்ந்துகொண்டு போகும். சில மாதங்களில் பொட்டு குழி விழும். கடிக்கும்போது இரண்டு பக்கமும் ஒன்றுபோல் திரள்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். தாடை சற்றுச் சாய்வது உங்களைப் போல வாய் இறுகியிருப்பவர்களுக்கு நரம்புப் பழுது இல்லாமலும் நேரும் என்பதால், அதை மட்டும் கண்டு அஞ்ச வேண்டாம்.

இந்த நரம்பின் வேலையில் நான் இன்றும் வியப்பது ஒன்று உண்டு. சோற்றில் கல் கடிபட்ட நொடியில், 'கல்' என்று நினைப்பதற்கு முன்பே வாய் திறந்துகொள்கிறது. பல்லைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்விலிருந்து செய்தி மூளைத்தண்டுக்குப் போய், மூடும் தசைகளை அங்கேயே நிறுத்திவிடுகிறது. வலப்பக்க முன்பற்களின் உணர்ச்சியும் கீழ்ப்பல் நரம்பைச் சேர்ந்ததே என்பதால், உங்களுக்கு அந்தப் பக்கப் பற்கள் 'யாருடையவோ' போல் தோன்றலாம். உதட்டைத் தெரியாமல் கடித்துக்கொள்ளும் ஆபத்தும் இதில் அடங்கும். மெல்லும் போது பேசாதீர்கள் என்று ஓர் ஆசிரியைக்குச் சொல்வது கொஞ்சம் துணிச்சல்தான்.

வாய் திறக்காமல் இருப்பது நரம்பால் வந்ததன்று. பெரும்பாலும் உள் டெரிகாய்டு தசை, ஊசி பட்டதாலோ அறுவைக்குப் பின் வந்த அழற்சியாலோ இறுகிப்போவதால் வருவது. நலமாக இருக்கும் பெரியவர் ஒருவரின் வாயில் அவருடைய மூன்று விரல்கள், ஏறத்தாழ 40 மில்லிமீட்டர், நுழைய வேண்டும். ஏழு வாரம் கழித்தும் இரண்டு விரலில் நிற்கிறது என்றால் அதைத் தானாகச் சரியாகட்டும் என்று விடக் கூடாது. முதலில் உங்கள் பல் மருத்துவரிடம் போய், குழியில் சீழோ, எலும்பில் கீறல் முறிவோ இல்லை என்று எக்ஸ்ரே எடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லை என்றானபின் பயிற்சிதான் மருந்து. நாளுக்கு ஐந்தாறு முறை, மேல் பல்லில் கட்டைவிரலும் கீழ்ப் பல்லில் ஆள்காட்டி விரலும் வைத்து மெதுவாக விரித்து, இழுவை தெரியும் இடத்தில் சில நொடிகள் நிறுத்தி விடுங்கள். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, வாரத்துக்கு ஒரு குச்சி கூட்டுவதும் நல்ல முறை. எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பது எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும்.

எண்ணெய் ஒத்தடத்தை மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்கிறேன். உணர்ச்சியற்ற தோலுக்குச் சூடு தெரியாது. மரத்த மோவாயில் கொப்புளம் வந்து சேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இறுகிய தசைக்கு இதமான வெந்நீர் ஒத்தடம் தரலாம்; ஆனால் அது தாடைக் கோணத்துக்கு மேல், உணர்ச்சி உள்ள இடத்தில், உங்கள் கையாலேயே சூடு பார்த்து வைப்பதாக இருக்க வேண்டும். மின்தூண்டலும் உங்களுக்குத் தேவையில்லை. அது அசையாத தசையை அசைப்பதற்காகச் செய்யப்படுவது. உங்கள் முகத்தில் அசையாத தசை எதுவும் இல்லை.

உண்மையில் பல்லாலும் தாடையாலும் முகநரம்புக்குக் கேடு வருவதும் உண்டு. அது எப்படி இருக்கும் என்று தெரிந்தால் வேறுபாடு விளங்கும். முகநரம்பின் ஐந்து கிளைகளில் ஒன்று கீழ்த்தாடையின் விளிம்பை ஒட்டி வந்து, கீழுதட்டை இறக்கும் தசைகளுக்குப் போகிறது. 1962-இல் டிங்மன், கிராப் என்னும் இரு அமெரிக்க அறுவை மருத்துவர்கள் 100 பாதிமுகங்களை அறுத்து ஆராய்ந்ததில், முகத் தமனிக்குப் பின்னால் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் அந்தக் கிளை விளிம்புக்குக் கீழே தொங்கிச் செல்வதைக் கண்டார்கள். தாடைக்கு வெளியிலிருந்து சீழை அகற்றும்போதோ முறிந்த எலும்பைப் பூட்டும்போதோ, விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் அளவு கீழே கத்தியை வைக்க வேண்டும் என்று எங்களுக்குக் கற்பிக்கப்படுவது இதனால்தான். அந்தக் கிளை அறுந்தால், சும்மா இருக்கும்போது முகம் ஒழுங்காக இருக்கும். பல் தெரியச் சிரிக்கும்போது ஒருபக்கக் கீழுதடு இறங்காமல் சிரிப்பு கோணும். ஆனால் தொட்டால் தெரியும். உங்களுக்கு நேர்ந்திருப்பது இதற்கு நேர் எதிரான நிலை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் காலத்தில் நான் கீழ்த்தாடைக்கு ஊசி போட்ட ஒரு பெரியவருக்குச் சில நிமிடங்களில் வாய் கோணி, கண் மூடாமல் நின்றுவிட்டது. ஊசிமுனையை அளவுக்கு மீறிப் பின்னே செலுத்தியதால் மருந்து பரோட்டிட் சுரப்பிக்குள், முகநரம்பின் மேல், இறங்கிவிட்டது. கண்ணை மூடி ஒட்டிவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி நேரத்தில் மருந்தின் வீரியம் குறைந்து முகம் நேரானது. அந்த மூன்று மணி நேரமும் அவர்தான் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமியார் சொல்வதில் ஒரு பகுதியை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கேனும் திடீரென்று வாய் கோணினால் வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்கக் கூடாது. கையோ காலோ தளர்ந்தாலும் பேச்சு குழறினாலும் அது பக்கவாதமாக இருக்கலாம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து முதல் நாலரை மணி நேரத்துக்குள் தரப்பட வேண்டியது என்பதால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். மூளையிலிருந்து நெற்றித் தசைகளுக்கு இரு பக்கமிருந்தும் கட்டளை வருவதால் பக்கவாதத்தில் நெற்றி சுருங்கும், முகத்தின் கீழ்ப்பாதி மட்டும் தொங்கும். முகவாதத்தில் நெற்றியும் சேர்ந்து வழவழப்பாகிவிடும். இந்த வேறுபாட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது மருத்துவரின் வேலை, வீட்டார் அதைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. முகவாதமாகவே இருந்தாலும் ஸ்டீராய்டு மாத்திரையை முதல் மூன்று நாட்களுக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன்.

உணர்ச்சி திரும்புமா என்பதற்கு வருவோம். ஹெர்பர்ட் செடன் என்னும் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் 1943-இல் நரம்புக் காயங்களை மூன்றாக வகுத்தார். இன்றும் அந்தக் கணக்குதான். நரம்பு அதிர்ந்து செயல்மட்டும் நிற்பது முதல்வகை. சில நாட்களிலோ சில வாரங்களிலோ சரியாகும். உறை நிலைத்திருக்க, உள்ளிழைகள் அறுபடுவது இரண்டாம் வகை. இழைகள் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் வளர்ந்து உதடு வரை வந்து சேர வேண்டும். நரம்பே துண்டாவது மூன்றாம் வகை. தானாகச் சேர்வது அரிது. ஏழு வாரம் ஆகியும் மரப்பு இருப்பதால் உங்களுடையது பெரும்பாலும் இரண்டாம் வகையாக இருக்கும். பல் குழியிலிருந்து உதடு வரை சில சென்டிமீட்டர் தூரம் என்பதை எண்ணிப் பார்த்தால், இன்னும் ஒன்றிரண்டு மாதங்களில் மாற்றம் தெரியத் தொடங்குவதே இயல்பு. முழுமை பெற ஆறு மாதமும் ஆகலாம், ஓராண்டும் ஆகலாம். கீழ் ஞானப்பல் எடுத்தவர்களில் உதட்டு மரப்பு நிலைத்துவிடுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. எறும்பு ஊர்வது போன்ற கூச்சம், குத்தல், தொட்டால் சுரீர் என்பது ஆகியவை தொடங்கினால் கலங்காதீர்கள். பெரும்பாலும் அவை இழைகள் வந்து சேர்வதன் அறிகுறிகள்.

ஆனால் நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருக்கவும் கூடாது. கணக்கு வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, வீட்டிலுள்ள ஒருவரைப் பஞ்சுத் திரியால் மெல்லத் தொடச் சொல்லுங்கள். தெரியாத இடத்தின் எல்லையைக் கண்மைப் பென்சிலால் கோடிட்டு, நாளோடு படம் எடுத்து வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் எல்லை சுருங்குகிறதா என்பது ஐயமின்றித் தெரியும். தாடைக் கோணத்துத் தோலுக்கு உணர்ச்சி தருவது ஐந்தாம் நரம்பு அன்று, கழுத்திலிருந்து ஏறிவரும் வேறொரு நரம்பு; ஆகவே உங்கள் கோடு அங்கே போகக் கூடாது, நடு மோவாயைக் கடந்து இடப்பக்கமும் பெரிதாகப் போகக் கூடாது. அப்படிப் போனால் அந்தப் படத்தோடு நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூன்று மாதம் நிறைந்தும் கொஞ்சம்கூட உணர்ச்சி வரவில்லை என்றாலோ, எரிச்சலும் வலியும் கூடிக்கொண்டே போனாலோ, நரம்பைத் தைத்துப் பழகிய முகத்தாடை அறுவை மருத்துவரிடம் போங்கள். அதை ஓராண்டு தள்ளிப்போட்டால் பலன் குறையும். இப்போதே ஒரு முப்பரிமாண ஸ்கேன், சிபிசிடி என்பார்கள், எடுத்துக்கொள்வதும் நல்லது. எலும்புத் துணுக்கோ வேர்த் துண்டோ குழாயை அழுத்திக்கொண்டிருந்தால் மூன்று மாதம் காத்திருக்கத் தேவையில்லை. உங்களுக்கு எழுதித் தந்திருக்கக்கூடிய மீத்தைல்கோபாலமின் என்னும் பி12 வைட்டமின் மாத்திரையால் தீங்கில்லை. பி12 குறைபாடு உள்ளவர்களுக்குப் பயன் உண்டு, மற்றவர்களுக்கு அதனால் நரம்பு விரைந்து வளரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இந்தப் பதிலைப் படிக்கும் மற்றவர்களுக்கு இடையில் ஒரு சொல். உங்களுக்குப் பல் எடுத்தது என்ற தெளிவான காரணம் இருக்கிறது. பல்லும் எடுக்காமல், அடியும் படாமல் ஒருவருக்கு மோவாய் திடீரென மரத்தால், அதைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. உடலில் வேறிடத்துப் புற்றுநோய் தாடை எலும்புக்குப் பரவியதன் முதல் அறிகுறியாகவும் அது இருப்பதுண்டு.

இடப்பக்கப் பல்லைப் பொறுத்தவரை, வலியோ வீக்கமோ சொத்தையோ இல்லையென்றால் அதை எடுக்காதீர்கள். நோயில்லாத புதைபற்களை முன்னெச்சரிக்கையாக எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் என்னும் மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2000-ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியிருக்கிறது. எடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், உங்களிடமுள்ள ஓபிஜி என்னும் முழுத்தாடை எக்ஸ்ரே படத்தில், வேர் நரம்புக் குழாயைக் கடக்கும் இடத்தில் கருத்திருக்கிறதா, குழாயின் வெள்ளைக் கோடு அறுபட்டிருக்கிறதா, குழாய் வளைந்து போகிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மூன்றில் ஒன்று இருந்தாலும் சிபிசிடி எடுத்துப் பார்த்துவிட்டு, வேரை அப்படியே விட்டுப் பல்லின் தலைப்பகுதியை மட்டும் அறுத்தெடுக்கும் கரோனெக்டமி முறை உங்களுக்கு ஏற்றதா என்று பேசி முடிவு செய்யலாம். எதுவானாலும் வலப்பக்க உதட்டின் உணர்ச்சி எவ்வளவு திரும்புகிறது என்று தெரியும்வரை இடப்பக்கத்தைத் தொட வேண்டாம்.